இருபத்தொன்பது

முதலில் நான் குடியிருக்கும் ஊர்.
லான்ஹரன் என்று எழுதுகிறேன், தப்பு.
அந்த முதல் எழுத்து நம்மிடம் இல்லை.
நாக்கை லகரத்துக்கு வைத்து, எடுக்காமல்,
கடைவாய் வழியே காற்றை விட வேண்டும்,
காய்ந்த தோசைக்கல்லில்
தண்ணீர் தெளித்தாற்போல்.
மூன்று வருஷமாகப் போனில் எழுதிக் காட்டித்தான்
பஸ்ஸில் டிக்கெட் வாங்குகிறேன்.

வேலை பார்க்கும் லான்ட்ரிசன்ட்டுக்கும் அதே எழுத்து, அதே அவஸ்தை.
அங்கே குன்றின் அடியில் நாணயச் சாலை.
இரவு ஷிஃப்டில் நான்
காசின் முகம் பார்ப்பவள்.
கீறல், கொப்புளம், மழுங்கல் என்றால் சிவப்புத் தட்டு.
ராஜாவின் மூக்கில் ஒரு புள்ளி இருந்தாலும்
தள்ளிவிட எனக்கு அதிகாரம் உண்டு.

அந்த வாரம் வெல்ஷ் மொழிக்கு ஒரு காசு.
செலவழிக்க அல்ல, பெட்டியில் வைத்துப் பார்க்க.
நடுவில் டிராகன் இல்லை, கோட்டை இல்லை,
கண்ணாடி வழவழப்பு.
குனிந்தால் உங்கள் வாய் தெரியும்.
ஓரத்தைச் சுற்றி எழுத்துகள்.
"இருபத்தொன்பது," என்றாள் மெரெரித்.
"கே கிடையாது, வி கிடையாது, இஸட் கிடையாது."
என் அடையாள அட்டையைத் திருப்பினாள்.
வெண்குழலி.
மூன்றும் இருந்தன.
"உன்னைத் தாங்காது எங்கள் காசு," என்று
சிரித்துக்கொண்டே பெட்டி தூக்கப் போனாள்.

முதல் ஈடு நாலாயிரம்.
விளக்குக்குக் கீழே ஒன்றைச் சுழற்றினேன்.
ஜி. அடுத்து என்-ஜி.
கை நின்றுவிட்டது.
ககரம், பக்கத்தில் ஙகரம்.
நம் வரிசை அல்லவா இது?
மெய்யெழுத்தில் இரண்டாம் நாற்காலி,
ஆனால் சொல்லுக்கு முன்னால் வரக் கூச்சம்,
ஒரு ககரம் கைபிடித்தால்தான் நடை.
பள்ளியில் அதைத் தாண்டித்தான்
எல்லோரும் சகரத்துக்கு ஓடினோம்.
இங்கே வந்து வெள்ளியில் நிற்கிறது.

ஆனால் என்னுக்கும் ஜிக்கும் நடுவே
மற்ற எழுத்துகளுக்கு இருக்கும் அதே சந்து.
எண்ணினேன். முப்பது.
கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணினேன்.
முப்பது.

எம்லின் வந்தார், பின்னாலேயே அளவுகருவி வந்தது.
எடை சரி. விளிம்பு சரி. மைக்ரான் சரி.
"இரண்டு எழுத்துதானே?" என்றார்.
பெயர் வெல்ஷ், பேச்சு ஆங்கிலம்.
"ஒன்று," என்றேன்.
"உனக்கு எப்படி..."
எப்படிச் சொல்ல?
மரம், கள், சேர்த்தால் மரங்கள்,
மகரம் எழுந்து இடம் கொடுக்க
யார் வந்து அங்கே உட்காருகிறார் என்று
ராத்திரி மூன்று மணிக்கு எந்த மொழியில் சொல்ல?

மெரெரித் கையுறையைக் கழற்றினாள்.
"புருஷன், கூர்.
என் புருஷன், வ ஙூர்.
என் என்று சொன்னதுமே
ஆளின் முதலெழுத்து மாறிப் போகும், எம்லின்.
ஒரே எழுத்து. நடுவே காற்றுகூடப் போகாது."
ஙூர்.
மூக்கு வழியே வந்து நின்றான் அந்தப் புருஷன்.
ஙகரம் தனியாக, யார் கையும் பிடிக்காமல்,
சொல்லுக்கு முன்னால் நடந்ததை
அன்றுதான் கேட்டேன்.

இயந்திரத்தை நிறுத்தினார்கள்.
பாராட்டு ஒன்றுமில்லை, ஒரு படிவம்.
காரணம் என்ற கட்டத்தில்
எம்லின் எழுதியது: இடைவெளி.
நாலாயிரமும் உலைக்குத் திரும்பின.

விடிகாலை வாசலில் சோதனை.
குண்டூசிகூட வெளியே போகக் கூடாது.
தோடு, பெல்ட், சாவி எல்லாம் தட்டில்.
பொறியின் வளைவுக்குள் நடந்தேன்,
வாய் மூடி,
அடி அண்ணத்தில் ஒரு ஙூ ஒட்டியிருக்க.
பச்சை விளக்கு.

மழை. பஸ். கண்ணாடிக்குப் பின்னால் டிரைவர்.
போனை எடுக்கவில்லை.
நாக்கை வைத்தேன், காற்றை விட்டேன்,
தோசைக்கல் சீறியது.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.
"சிங்கிளா, ரிட்டர்னா?" என்றார்.